கணினி மின்வழங்கிக் கம்பியை நீட்டல்: கணினி கட்டுவோர் அறிய வேண்டுவன

முன்னுரை

'நீட்டல்' என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. செய்யுள் விகாரங்களுள் ஒன்றாக அதனை வகுப்பில் விளக்கி வருகிறோம். ஆயின், அச்சொல்லை ஒரு மின்கம்பியோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும் நிலை நமக்கு ஏற்படும் என்று நாம் கருதியதில்லை.

இன்று நம் மாணவர் பலர் கணினியை முழுமையாக வாங்குவதை விட்டு, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே பொருத்திக் கொள்கின்றனர். சிலவற்றைத் திண்டுக்கல் கடைகளிலும், சிலவற்றைச் சென்னை ரிச்சி தெருவிலும், ஏனையவற்றை இணையவழிக் கடைகளிலும் பெறுகின்றனர். செலவு குறைகிறது; கையும் அறிவும் ஒருங்கே பழகுகின்றன. இம்முயற்சி பாராட்டுதற்குரியது.

இவ்வாறு கட்டும்போது எதிர்ப்படும் தடைகளுள் மிகச் சிறியதாகத் தோன்றுவது, மின்வழங்கியின் கம்பி உரிய இடத்திற்கு எட்டாமற் போவதாகும். 'ஒரு சாண் கம்பிதானே, நீட்டிவிட்டால் போயிற்று' என்று எண்ணுவது இயல்பு. நாமும் அவ்வாறே எண்ணினோம். அதனால் நேர்ந்த இழப்பே இக்கட்டுரைக்குக் காரணம். மின்னியல் நமது துறையன்று. இயற்பியல் துறை நண்பர்களிடம் கேட்டும், கற்றும், கணக்கிட்டும் அறிந்தவற்றை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் வண்ணம் ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

பெயரறிதல்

ஒரு பொருளை அறிவதற்கு முதற்படி அதன் பெயரை அறிதல். நம் மாவட்டத்துப் பிலாத்தில் 1935ஆம் ஆண்டு பிறந்து, 2017ஆம் ஆண்டு மறைந்த மணவை முஸ்தபா அவர்கள் தம் வாழ்நாளையே அறிவியல் கலைச்சொல் ஆக்கத்திற்கு ஈந்தவர். கணினித் துறைக்கெனத் தனியே கலைச்சொல் அகராதி தொகுத்தளித்தவர். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, 'மஞ்சள் ஒயர், கறுப்பு ஒயர்' என்று நிறத்தால் மட்டும் சுட்டி நின்றுவிடுதல் நமக்கு அழகன்று.

கடைவீதியில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கும் பெட்டியே மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை வாங்கி, கணினி உறுப்புகள் ஏற்கத்தக்க குறைந்த அழுத்தமுள்ள நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவது அதன் பணி. அதிலிருந்து புறப்படும் கம்பிகளின் நிறங்களுக்குப் பொருளுண்டு. மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கறுப்பு, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி. ஊதா, கணினி உறங்கும்போதும் விழித்திருக்கும் 5 வோல்ட். பச்சை, மின்வழங்கியை இயக்கும் ஆணையைக் கொண்டு செல்வது. சாம்பல், 'மின்சாரம் சீராக உள்ளது' என்று தாய்ப்பலகைக்கு அறிவிப்பது.

இந்நிற மரபு 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்போடு வந்தது. அன்று தாய்ப்பலகையின் முதன்மை இணைப்பியில் 20 முட்கள் இருந்தன. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தில் அவை 24 ஆயின. அந்த இருபத்து நான்கில் ஒரு துளை இக்காலத்தில் வெற்றிடமாகவே இருக்கும். 'கம்பி ஒன்று விடுபட்டிருக்கிறது' என்று மாணவர் அஞ்ச வேண்டியதில்லை.

நீட்டல் ஏன் வேண்டப்படுகிறது?

தொடக்கக் காலக் கணினிப் பேழைகளில் மின்வழங்கி மேற்புறத்தில் அமர்ந்திருந்தது. மையச் செயலகமாகிய பிராசசருக்கு மின்னூட்டும் இணைப்பி, தாய்ப்பலகையின் மேல் இடது மூலையில், மின்வழங்கிக்கு மிக அருகில் இருந்தது. பிற்காலப் பேழைகளுள் பெரும்பாலானவற்றில் மின்வழங்கி அடித்தளத்திற்கு இறங்கிவிட்டது. இணைப்பியோ பழைய மூலையிலேயே நிற்கிறது. கம்பி கீழிருந்து புறப்பட்டு, தாய்ப்பலகையின் பின்புறமாக ஏறி, மேல் மூலையை வளைந்து அடைய வேண்டும். மலிவு விலை மின்வழங்கிகளில் இக்கம்பி குறுகியதாக இருப்பதுண்டு. எனவே எட்டாமை நேர்கிறது.

பிராசசருக்கான இவ்விணைப்பியில் பெரும்பாலும் எட்டு முட்கள் உள்ளன. நான்கு மஞ்சள், நான்கு கறுப்பு. பெருவேலை செய்யும் நேரத்தில் பிராசசருக்கு வேண்டிய மின்னோட்டம் இவ்வெட்டு முட்களின் வழியாகவே பாய்கிறது. ஆகவே எட்டாமற் போகும் கம்பிகளுள் இதுவே மிகுந்த கவனத்திற்குரியது.

நம் துறையில் நிகழ்ந்தது

நம் கல்லூரியின் நலம் நாடும் பெரியவர் ஒருவர், பழைய இஸ்லாமியத் தமிழ் அச்சு நூல்களைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்னும் விருப்பத்தால், ஒரு கணினிக்கான பொருளை நம் துறைக்கு அளித்தார். தம் பாட்டனார் காலத்து நூல் ஒன்றையும் முதற்படியாகக் கொடுத்தார். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மாணவர்களே கணினியைக் கட்டினர். மின்வழங்கியின் பிராசசர் கம்பி 45 செ.மீ. நீளமே இருந்தது. பேழையின் பின்புறமாகச் சுற்றி வருவதற்கு 65 செ.மீ. தேவைப்பட்டது. ஒரு கடையில் 30 செ.மீ. நீட்டிப்புக் கம்பி ஒன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதன் உறையில் பருமன் எதுவும் அச்சிடப்படவில்லை. நாமும் கேட்கவில்லை. கணினி இயங்கியது. அனைவரும் மகிழ்ந்தோம்.

மூன்று வாரங்கள் சென்றன. வருடிய பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் படிக்கத் தொடங்கியதும் கணினி தானே அணைந்தது. குறிப்பாகப் பிற்பகலில், அறை வெப்பம் மிகுந்த நேரத்தில், இது நிகழ்ந்தது. மென்பொருளின் பிழை என்றோம். பின்னர் வன்தட்டின் பிழை என்றோம். ஒருநாள் நெகிழி கருகும் நாற்றம் எழுந்தது. பேழையைத் திறந்து பார்த்தபோது, மூலக்கம்பியும் நீட்டிப்புக் கம்பியும் கூடுமிடத்தில் இரண்டு துளைகள் பழுப்பேறியிருந்தன. அருகிலிருந்த வேறொரு முள், பொருத்தும்போதே தன் கூட்டினுள் பின்வாங்கி, எதனையும் தொடாமல் நின்றிருந்தது.

திடீர் திடீரென அணைந்ததால் சேமித்த கோப்புகள் சில சிதைந்தன. நூலைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்திருந்தோம். மீண்டும் கேட்டுப் பெற்றுப் படியெடுத்தோம். முதல்முறை தாங்கிய தாள்கள் இரண்டாம் முறை தாங்கவில்லை. சில தாள்களின் ஓரம் நம் கையிலேயே உதிர்ந்தது. ஒரு மலிவான கம்பிக்கு நாம் கொடுத்த உண்மையான விலை அதுவேயாகும்.

பெரியவர் சினந்து கொள்ளவில்லை. கருகிய இணைப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கிணத்துக் கயிறு நடுவுல அறுகாது தம்பி, முடிச்சுப் போட்ட எடத்துலதான் அறுகும்" என்று மாணவரிடம் சொன்னார். பின்னர் நாம் கற்ற மின்னியல் அனைத்தும் அவ்வொரு தொடரின் விளக்கமாகவே அமைந்தது.

கம்பியின் பருமன்: ஒரு கணக்கு

கம்பியின் பருமனை ஏ.டபிள்யூ.ஜி. என்னும் கேஜ் எண்ணால் குறிப்பர். எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை மாணவர் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். எண்ணில் மூன்று கூடினால் செம்பின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வீட்டு மின்பணியாளர் 'ஸ்கொயர்' என்று சொல்லும் சதுர மில்லிமீட்டர் கணக்கில் கூறுவதாயின், 16 கேஜ் 1.31, 18 கேஜ் 0.82; 20 கேஜ் 0.52, 22 கேஜ் 0.33. நல்ல மின்வழங்கிகளின் கம்பிகள் பெரும்பாலும் 18 கேஜ், சிலவற்றில் 16.

மெலிந்த கம்பி மின்னோட்டத்தை மிகுதியாகத் தடுக்கும். ஒரு மீட்டர் நீளத்திற்கு 18 கேஜ் செம்புக்கம்பியின் தடை ஏறத்தாழ 21 மில்லி ஓம். 22 கேஜுக்கு 53 மில்லி ஓம்.

பிராசசர் கடும்பணியில் 200 வாட் திறனை ஏற்பதாகக் கொள்வோம். 200ஐ 12 ஆல் வகுக்க 16.7 ஆம்பியர். நான்கு மஞ்சள் கம்பிகள் இதனைப் பங்கிட்டுக் கொண்டால் ஒவ்வொன்றிலும் சற்றேறக்குறைய 4.2 ஆம்பியர் ஓடும். 30 செ.மீ. நீட்டிப்பில், போக்கும் வரவும் சேர்த்து, 18 கேஜ் கம்பியில் ஏற்படும் அழுத்த இழப்பு 0.05 வோல்ட். 22 கேஜில் 0.13 வோல்ட்.

12 வோல்ட்டில் 5 விழுக்காடு வரை குறைவைப் பொறுக்கலாம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் வரையறை. அதாவது 11.4 வோல்ட் வரை இறங்கலாம். அவ்வகையில் நோக்கின், 0.13 வோல்ட் இழப்பினால் மட்டும் ஒரு கணினி அணைந்துவிடாது. ஆகவே, 'நீளம் கூடினால் மின்சாரம் குன்றிவிடும்' என்னும் பொதுக்கருத்து ஓரளவே உண்மை. ஒரு சாண், இரு சாண் நீட்டலில் நீளம் பெரும் பகையன்று. 3.3 வோல்ட் கம்பிகளில் மட்டும் சற்று விழிப்பு வேண்டும். அங்குப் பொறுக்கத்தக்க குறைவே 0.17 வோல்ட் அளவினது. அழுத்தத்தைக் கண்காணித்துச் சரிசெய்ய மின்வழங்கி வைத்திருக்கும் உணர்கம்பி, மூல இணைப்பியோடு நின்றுவிடுகிறது. நீட்டிப்பில் ஏற்படும் இழப்பை அது அறியாது.

அவ்வாறாயின் நம் கணினியில் கருகியது எதனால்?

இணைப்பே இடர்

கம்பியோடு கம்பி கூடும் இடத்தில், முள்ளும் குழலும் ஒன்றையொன்று தொடும் பரப்பு மிகச் சிறியது. நன்கு பொருந்திய இணைப்பில் அத்தொடுகையின் தடை சில மில்லி ஓம் அளவினதே. கணக்கின் எளிமைக்காக 10 மில்லி ஓம் என்று கொள்வோம். 4.2 ஆம்பியர் ஓடும்போது அங்கு எழும் வெப்பம் 0.2 வாட்டிற்கும் குறைவு. இதனால் தீங்கில்லை.

இனி, நான்கு முட்களுள் இரண்டு சரியாகத் தொடவில்லை என்று கொள்வோம். மின்னோட்டம் குறைந்துவிடாது. பிராசசர் கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சிய இரண்டு முட்கள் நான்கின் சுமையையும் தாங்கும். ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் கண்ட விதி. இவ்வெப்பத்தால் முள்ளின் பூச்சு கெடும். குழலின் பிடி தளரும். தொடுகைத் தடை பெருகும். தடை 50 மில்லி ஓம் ஆகிவிட்டால் ஒரு முள்ளில் மட்டும் ஏறத்தாழ 3.5 வாட் வெப்பம் எழும். வானொலி பழுது பார்ப்போர் கையாளும் 25 வாட் ஈயப்பற்றுக் கோலின் வெப்பத்தில் இஃது ஏழில் ஒரு பங்கு. அரிசி மணியை ஒத்த ஓர் உலோகத் துண்டில், நெகிழிக் கூட்டின் நடுவே, அது தேங்கி நிற்கும். கூடு பழுப்பேறும், இளகும், இளகியதால் முள் மேலும் தளரும். வெப்பம் தளர்ச்சியையும், தளர்ச்சி வெப்பத்தையும் வளர்க்கும் இச்சுழலின் முடிவு கருகல்.

கம்பி மெலிந்ததாக இருந்தால் இத்தீமை விரைவுபடும். முட்கள் சமமாகத் தொடாதபோது மெலிந்த கம்பியும் சூடேறி, அச்சூட்டையும் இணைப்பிலேயே கொண்டு வந்து சேர்க்கும். மயிற்பீலியே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முரியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டுகின்றார். முரிவது வண்டியின் பலகையன்று, அச்சு. சுமை வந்து கூடுமிடம் எதுவோ அதுவே முதலில் கெடும்.

இஃது ஏழை மாணவரின் மலிவுக் கம்பிக்கு மட்டும் உரிய கதை என்று கருத வேண்டா. 2022ஆம் ஆண்டு என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் விலையுயர்ந்த வரைகலை அட்டை வெளிவந்தது. அதற்கெனப் புதிதாக வந்த சிறிய இணைப்பி 600 வாட் வரை தாங்குமாறு அமைக்கப்பட்டது. ஆறு முட்களின் வழியே 50 ஆம்பியர் பாய வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் முதல், இணைப்பிகள் உருகியதாகப் பல நாடுகளிலிருந்து செய்திகள் வந்தன. ஆராய்ந்த நிறுவனம், முழுமையாக உட்செலுத்தப்படாத இணைப்பிகளே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று நவம்பரில் அறிவித்தது. மறு ஆண்டு இணைப்பியின் அமைப்பே திருத்தப்பட்டது. அவ்வட்டைகளுக்கென வளைவு இணைப்புத் துண்டுகளைச் செய்து விற்ற கேபிள்மாட் நிறுவனம், 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 25,000 துண்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. அங்கும் கெட்டது கம்பியின் நடுப்பகுதியன்று, கூடுமிடமே.

அளபெடை தரும் விதி

நீட்டல் தவறு என்பது நம் கருத்தன்று. தமிழ்ச் செய்யுளும் நீட்டலை ஏற்கிறது. ஆனால் வரம்போடு ஏற்கிறது. செய்யுளிசை அளபெடையை எண்ணிப் பார்ப்போம். ஓசை குன்றும் இடத்தில்தான் நெட்டெழுத்து அளபெடுக்கும். குன்றாத இடத்தில் எடுப்பதில்லை. அளபெடுக்கும்போது அதன் இனமான குற்றெழுத்தே பின்னர் நிற்கும். ஆகாரத்தின் பின் அகரம், ஏகாரத்தின் பின் எகரம். வேறு எழுத்து நின்றால் அஃது அளபெடையன்று, பிழை. குன்றிய மாத்திரை எவ்வளவோ அவ்வளவே நிறைக்கப்படும். இம்மூன்று வரம்பும் மின்கம்பிக்கும் அவ்வாறே பொருந்துகின்றன.

முதலாவது, தேவையிருந்தால் மட்டும் நீட்டுதல். கம்பி செல்லும் வழியை மாற்றிப் பார்க்கலாம். பேழையையும் மின்வழங்கியையும் வாங்கும் முன்னரே, ஒரு நூல் கொண்டு வழியை அளந்து, கம்பியின் நீளத்தைக் கேட்டு வாங்கலாம். நீண்ட கம்பியுள்ள மின்வழங்கியில் கூடுதல் இணைப்பே இல்லை. அதுவே தலையாய தீர்வு. நாமும் இறுதியில் அதனையே செய்தோம்.

இரண்டாவது, இனமானதைக் கொண்டு நீட்டுதல். மூலக்கம்பி 18 கேஜ் எனில் நீட்டிப்பும் 18 அல்லது 16 ஆக இருத்தல் வேண்டும். தூய செம்பாக இருத்தல் வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பிகள் சந்தையில் உலவுகின்றன. அவற்றின் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மீந்த கம்பித் துண்டு ஒன்றின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உண்மை தெரியும். மேலே சிவந்து உள்ளே வெளுத்தால் அலுமினியம். மேலே வெளுத்து உள்ளே சிவந்தால் ஈயம் பூசிய செம்பு, அது நன்று.

மூன்றாவது, வேண்டிய அளவே நீட்டுதல். 20 செ.மீ. குறைந்தால் 30 செ.மீ. கம்பி போதும். ஒரு நீட்டிப்பின் மேல் மற்றொரு நீட்டிப்பைச் சேர்த்தல் ஆகாது. ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு முடிச்சு.

செய்வனவும் தவிர்வனவும்

கணினி கட்டும் மாணவர் கீழ்வருவனவற்றை மனத்திற் கொள்வாராக.

1. எந்தப் பணிக்கும் முன் மின்வழங்கியின் விசையை அணைத்து, சுவரிலிருந்து கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

2. மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறத்தல் ஆகாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளில், அணைத்த பின்னரும், 300 வோல்ட்டிற்கு மேற்பட்ட அழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அஃது உயிருக்கு இடர்.

3. பிராசசருக்கான எட்டு முள் இணைப்பியும், வரைகலை அட்டைக்கான எட்டு முள் இணைப்பியும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். 12 வோல்ட் வரிசையும் கறுப்பு வரிசையும் இவ்விரண்டிலும் எதிரெதிர் இடத்தில் உள்ளன. துளைகளின் வடிவம் வேறுபடுமாறு அமைத்திருப்பதே இவற்றை மாற்றிப் பொருத்தாமல் இருப்பதற்காகத்தான். நுழையவில்லை எனில் வலிந்து அழுத்துதல் கூடாது.

4. சில மின்வழங்கிகளில் கம்பிகளை முழுவதும் கழற்றி மாட்டலாம். பெட்டியின் பக்கம் உள்ள இணைப்பிக்குப் பொது வரையறை இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பியை மற்றொரு நிறுவனத்தின் பெட்டியில் மாட்டினால், நுழைந்தாலும், 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் சென்று வன்தட்டை அழித்துவிடலாம். நண்பரிடம் இரவல் வாங்கும் பழக்கம் இங்கு வேண்டா.

5. வன்தட்டுக்கான சேட்டா இணைப்பியின் 12 வோல்ட் பகுதி 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். வரைகலை அட்டையின் ஆறு முள் இணைப்பி 75 வாட் வரை கேட்கும். சேட்டாவிலிருந்து அதற்குக் கம்பி இழுக்கும் மாற்றிகளைத் தவிர்த்தல் வேண்டும்.

6. கம்பிகளை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றும் வழக்கம் தோட்டத்து விளக்கிற்கே ஏற்றதன்று. கணினிக்குச் சற்றும் ஏற்றதன்று. டேப்பின் பசை வெப்பத்தில் இளகும். உரிய முட்களும், அவற்றைக் கவ்வி அழுத்தும் கருவியும், பயிற்சியும் இல்லாதார் ஆயத்தக் கம்பியை வாங்குதலே நன்று.

7. நீட்டிப்புக் கம்பிகள் பலவும் முழுவதும் கறுப்பாகவோ, அழகுக்கென வேறு நிறத்திலோ வருகின்றன. அங்கு நிறத்தை நம்பாது, முள்ளின் இடத்தை எண்ணியே சரிபார்க்க வேண்டும்.

8. மாட்டும் முன் இணைப்பியை நேருக்கு நேர் நோக்குக. எல்லா முட்களும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று காண்க. ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துப் பார்க்குக. பின்வாங்கிய முள் அப்போதே தெரிந்துவிடும். நம் கணினியில் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் மேற்கூறிய இழப்பு நேர்ந்திராது.

9. இணைப்பியின் பக்கத்தில் உள்ள கொக்கி 'டக்' என்று விழும் வரை உட்செலுத்துக. பூட்டுக்குப் பெயர்பெற்று, 2019ஆம் ஆண்டு அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் பெற்ற ஊர் நம்முடையது. பாதி விழுந்த பூட்டு, பூட்டாத கதவுக்குச் சமம் என்பதை நம் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

10. கூடுமிடத்தை இறுக வளைத்தோ, பேழையின் மூடிக்கும் தகட்டிற்கும் இடையே நசுக்கியோ வைத்தல் கூடாது. இணைப்பிலிருந்து சில செ.மீ. தொலைவு வரை கம்பி நேராகச் செல்லட்டும். இணைப்பு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும்.

11. முடித்தபின் அரைமணி நேரம் கடும்பணி கொடுத்து, மல்டிமீட்டர் கொண்டு 12 வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். கையாளப் பழகியவர் ஒருவர் உடனிருத்தல் நன்று. பின்னர் அணைத்து, சுவர்க்கம்பியைக் கழற்றி, இணைப்பைத் தொட்டுப் பார்க்குக. இளஞ்சூடு இயல்பு. கை பொறுக்காத சூடு எச்சரிக்கை. ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது நலம். பழுப்பு நிறம் சிறிது தெரிந்தாலும் இணைப்பின் இரு பாதிகளையும் மாற்றிவிட வேண்டும். கருகியதோடு புதியதை இணைத்தால் புதியதும் கெடும்.

முடிவுரை

கணினி மின்வழங்கியின் கம்பியை நீட்டலாம். ஆயின், சேரும் பகுதி தாங்கும் பகுதிக்கு நிகராக இருத்தல் வேண்டும்; கூடுமிடம் குறையற இருத்தல் வேண்டும். நீளத்தைக் கண்டு அஞ்சி, இணைப்பைக் கண்டு அஞ்சாதிருப்பதே பலர் செய்யும் பிழை. நாம் செய்த பிழையும் அதுவே.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் கணினி கட்டப் பொருள் கேட்கும்போது, வேகமான பிராசசருக்கும் பெரிய திரைக்கும் மனமுவந்து கொடுக்கிறோம். மின்வழங்கிக்கும் கம்பிக்கும் வரும்போது, 'எதுவானால் என்ன' என்கிறோம். வெளியே தெரியாத உறுப்பில் சிக்கனம் பிடிக்கிறோம். அவ்வுறுப்பே ஏனைய உறுப்புகள் அனைத்திற்கும் உணவூட்டுகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெரியவரின் நூல் இன்று முழுமையாகப் படியெடுக்கப்பட்டு, இரண்டு வேறு இடங்களில் சேமிக்கப்பட்டுள்ளது. உதிர்ந்த ஓரங்களைச் சிறு உறையில் இட்டு, நூலோடு சேர்த்தே அவரிடம் ஒப்படைத்தோம். கருகிய அந்த இணைப்பு நம் துறை அலமாரியில் இருக்கிறது. புதிதாகக் கணினி கட்ட முற்படும் மாணவர் ஒவ்வொருவரும் அதனை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பது நம் துறையின் வழக்கமாகிவிட்டது. தத்தம் வீட்டில் கணினி கட்டியுள்ள மாணவரும் இன்றே பேழையைத் திறந்து, கம்பிகள் கூடும் இடங்களை ஒருமுறை நோக்குவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.